வெளியேற மறுத்த கட்டளை

1969-இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்ட இயங்குதளத் திட்டத்தைக் கைகழுவியது. நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், அந்த ஆய்வகத்தின் கென் தாம்ப்சனுக்குக் கிடைத்தது, அதிகம் பேர் சீந்தாத ஒரு பிடிபி-7 கணினி. அதில்தான் அவரும் சக ஆய்வாளர் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை வளர்த்தார்கள். மல்டிக்ஸிலிருந்து ஒரு யோசனையும் கூடவே வந்திருந்தது: கட்டளைகளை வாங்கும் ‘ஷெல்’ தனக்குள் எதையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒவ்வொரு கட்டளையும் வெளியே தனித்தனி நிரலாக இருக்கட்டும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஷெல் ஒவ்வொரு முறையும் சாக வேண்டியிருந்தது!

ஆம், ஒரு டெர்மினலுக்கு ஒரே ஒரு பிராசஸ், அதாவது ஓடும் நிரல். கட்டளை வந்தால் அந்த நிரல் ஷெல்லின் மேலேயே ஏறி உட்காரும். வேலை முடிந்ததும் ஷெல்லின் புதுப் பிரதி வட்டிலிருந்து ஏற்றப்படும். இதைச் சீராக்க ‘ஃபோர்க்’ வந்தது: ஷெல் ஒரு நகலைப் பெற்றெடுக்கும், நகல் போய் வேலை செய்யும், தாய் காத்திருக்கும். பிடிபி-7-இல் அதற்குத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்பிளி. எல்லோரும் குதூகலித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கவனித்தார்: டைரக்டரி மாற்றும் ‘சிஎச்டிஐஆர்’ வேலை செய்யவில்லை.

நிரலை வரிவரியாகத் துழாவினார்கள். பிழை எங்கும் இல்லை. கட்டளை தன் கடமையைச் சரியாகவே செய்தது. அங்கேதான் வினை. டைரக்டரி மாறியது நகலுக்கு. மாறிய கையோடு நகல் செத்துப்போனது. தூது போனவன் ஊர் மாறினால் அனுப்பியவன் வீடு நகருமா? வேறு வழியின்றி அந்த ஒரு கட்டளையை ஷெல்லுக்குள் சிறப்புச் சலுகையோடு குடியமர்த்தினார்கள். அதனால் மற்றவை எல்லாம் உள்ளே நுழைந்துவிடவில்லை.

மாறாக, தாம்ப்சன் பிடிவாதமாக இருந்தார். கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பான ஸ்கிரிப்ட்டில் நிபந்தனை சொல்லும் ‘இஃப்’கூட வெளி நிரல்தான். வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ‘கோடூ’தான் அபாரம்: ஷெல் படித்துக்கொண்டிருக்கும் அதே கோப்பில் வாசிப்பு முனையைக் குறித்த இடத்துக்கு நகர்த்திவிட்டு இறந்துவிடும், ஷெல் எதுவும் அறியாமல் அங்கிருந்து படிக்கும். என் கணிப்பில் யூனிக்ஸின் ஆகச்சிறந்த குறும்பு இதுதான். 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல், நிபந்தனைகளையும் சுழல்களையும் மொழியாகவே உள்ளே கொண்டுவந்தது. ‘கோடூ’ வெளியேறியது. அந்த முதல் விதிவிலக்கோ பெயர் சுருங்கி நிலைத்தது.

அதுதான் இன்று டெர்மினலைத் திறந்ததும் விரல்கள் யோசிக்காமல் தட்டும் ‘சிடி’. வேடிக்கை அதோடு முடியவில்லை. ஷெல்லுக்குள் இருக்கும் வழக்கமான கட்டளைகளும் தனி நிரலாகக் கிடைக்க வேண்டும் என்றது யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரநிலை. அதற்காக மேக் கணினிகளில் ‘சிடி’ என்ற பெயரில் ஒரு தனிக் கோப்பே இருக்கிறது. அதை நேரடியாக இயக்கினால், இருந்த டைரக்டரியிலேயே இருக்கலாம்.