சிராங்கூன்: சாலைப் பெயரில் ஒரு நீர்ப்பறவை

சிங்கப்பூரின் தேக்காவில் காய்கறி வாங்கவும் வீரமாகாளியம்மனை வணங்கவும் நாம் நடக்கும் சிராங்கூன் சாலையின் பெயர் ஒரு நீர்ப்பறவையிலிருந்து வந்தது என்பர். மலாயில் அதன் பெயர் ‘ரங்கோங்’. கறுத்த முதுகு, வெண்மார்பு, நீண்ட கூரிய அலகு, நெடுங்கழுத்து, சாம்பல்நிறக் கொண்டை, சவ்வில்லாத கால்விரல்கள் ஆகியவை அதற்குச் சொல்லப்படும் அடையாளங்கள். பறவை ஆற்றுக்குப் பெயர் தந்தது. ஆறு வட்டாரத்துக்கும் சாலைக்கும் தந்தது.

இன்னொரு கதையும் உண்டு. காட்டு விலங்குகளைச் சேகண்டி அடித்து விரட்டியதால், தாக்குதலைக் குறிக்கும் ‘செராங்’ என்ற மலாய்ச் சொல்லோடு சேகண்டியைக் குறிக்கும் ‘கோங்’ சேர்ந்து இப்பெயர் பிறந்ததாம். ஆனால், பழைய ஆங்கிலேய வரைபடத்தில் ஆற்றின் பெயர் முதலெழுத்தான ‘செ’ இல்லாமல், ரங்கூன் என்பதை ஒத்தே நிற்கிறது. ‘செராங்’ இல்லையேல் சேகண்டிக் கதைக்கு இடமில்லை. பறவைக்கே பலம் அதிகம்.

அது எந்தப் பறவை? கொண்டையைப் பார்த்தால் கொக்குக் குடும்பம் போலிருக்கிறது. மலாயிலோ ரங்கோங் என்பது பெருநாரைக்கும் வழங்கியது. ஜாவாவில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு 1821இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பெருநாரைக்குத் தலை வழுக்கை, கொண்டை கிடையாது. தமிழிலும் இதே கலப்புதான். செங்கால் நாரையும் நாரை, சாம்பல் நாரையும் நாரை. விலங்கியலில் பின்னது கொக்குக் குடும்பம்.

ஊர்மக்கள் மட்டும் கலக்கவில்லை. 1990இல் பறவையியலாளர்கள் சிப்லியும் ஆல்குவிஸ்டும் டி.என்.ஏ. ஒப்பீட்டை வைத்து நாரை, கொக்கு மட்டுமல்ல, உள்ளான், ஆள்காட்டி போன்ற கரைப்பறவைகளையும் நாரை வரிசையிலேயே அடக்கினர். மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை வந்ததும் அந்தப் பெருவரிசை பிரிந்தது. உள்ளானும் ஆள்காட்டியும் கடற்காகம் இருக்கும் கரைப்பறவை வரிசைக்குத் திரும்பின. கொக்கு கூழைக்கடாவோடு சேர்ந்தது. நாரை வரிசையில் நாரை மட்டும் எஞ்சியது. நெடுங்காலும் நீளலகும் சேற்றில் இரை தேடும் வாழ்க்கை தந்த ஒற்றுமை. அவற்றை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

ஆகவே, ரங்கோங்கை ஒரே இனத்தின் பெயராகக் கொள்வதைவிட, சதுப்பில் நின்று இரை பிடிக்கும் நெடுங்காலிகளின் பொதுப்பெயராகக் கொள்வதே பொருந்தும். ‘நாரை’ என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இது வியப்பாக இராது.

சிராங்கூன் ஆற்று முகத்துவாரம் அணையிடப்பட்டு 2011 முதல் நன்னீர்த் தேக்கமாக இருக்கிறது. அதனால், நாரையையும் கொக்கையும் உள்ளானையும் ஒரே சேற்றில் பார்த்து வேற்றுமை அறிய விரும்புவோர், வலசைக் காலத்தில் சுங்கை பூலோ ஈரநிலத்துக்குப் போய் வாருங்கள்.