அரத்தால் பெற்ற வேகம்

புதிய வண்டி வாங்கப் பொருளில்லாதவன், கையிலிருக்கும் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினையே சிறு செலவில் சக்தி மிக்கதாக்கிக்கொள்ளும் வித்தை, தாம்பரம் வட்டாரத்தில் வேரூன்றியதற்கு அவ்விடத்தின் சரித்திரமே காரணம் என்பது என் துணிபு. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று; 1949-இல் சி. ராஜம் தம் இல்லத்தை விற்றுக் குரோம்பேட்டையில் ஸ்தாபித்த எம்.ஐ.டி. கல்லூரி, ஆட்டோமொபைல் பொறியியலைத் தனித் துறையாகவே போதித்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை கார்களை உருவாக்கிற்று. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. கடைசல் வேலையறிந்த கைகள் பெருகிய இந்தப் பிரதேசத்தில் லேத்துப் பட்டறைகளும் பெருகின. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையும் இருந்தன.

1956 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு இப்பட்டறைகள் செய்த பிரதான உபகாரம், தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கணக்கில் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தும் ‘போர்’ வேலையே. 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தபின்னரே வித்தை தன் பூரண வடிவை எய்தியது. 50 மில்லிமீட்டர் விட்டமும் அதே அளவு வீச்சும் கொண்ட அந்த 98 சி.சி. எஞ்சினை ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தினாலும் கிடைப்பது 102 சி.சி. மட்டுமே, ஆகவே போர் போடுவதால் சக்தி பெருகும் என்னும் நம்பிக்கை பெரும்பாலும் பிரமையே. அது இழந்த பலத்தை மீட்டுத் தருவது. புதுப் பலம் போர்ட் என்னும் துவாரங்களில் இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுக்குப் பதிலாகப் பிஸ்டனே ஏறியிறங்கிச் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்களைத் திறந்து மூடுவதால், புகை வெளியேறும் போர்ட்டின் மேல்விளிம்பைச் சிறிதளவு அராவி உயர்த்தினாலே அது முன்னதாகத் திறக்கிறது. எஞ்சின் உச்சச் சுழற்சியில் அதிக சக்தியைக் காட்டுகிறது. அதற்கு விலையாக, மெதுவான ஓட்டத்தில் இழுவை குறைந்துவிடுவதால், ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் தினமும் செல்பவனுக்கு அந்த வேலை பாதகமே. மிகுதியாக அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாதாகையால், அளவறிந்து அரத்தை நிறுத்தத் தெரிந்தவனே மெக்கானிக் எனப் பெயர் பெற்றான். நல்ல மெக்கானிக்குகள் ரிங், கார்புரேட்டர் ஜெட், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றைச் சீராக்கிய பின்னரே சிலிண்டரில் கைவைப்பர். குறைந்த பணம் உடையவனுக்கு இந்தக் கிரமமே மெய்யான உதவி. ஏட்டறிவு சிறிதுமின்றி, செவியாலும் விரல்நுனியாலும் அவர்கள் அடைந்த இந்த ஞானத்தைக் கல்விச்சாலைகள் எழுதி வைக்காமற்போனது பெருங்குறை.

உச்சச் சுழற்சிக்காகப் போர்ட்டை உயர்த்தும் இத்தகைய வேலைக்குப் பொருத்தமான இடம் பந்தயத் திடலே. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்திற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைந்தபோது, சென்னையின் வடபுறத்திலிருந்த பந்தயம் முன்னைவிடத் தாம்பரத்துக்கு அருகே வந்து சேர்ந்தது.

ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றது. புகைக் கட்டுப்பாடுகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் புதிய விற்பனையிலிருந்தே மறைந்தன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுப்பதால், இன்று அப்பட்டறைகளை நாடி வருவோர் பெரும்பாலும் பழைய ஆர்.எக்ஸ். எஞ்சினை அதன் ஆதி அளவுகளுக்கே மீட்டுத் தரும்படி கேட்கிறார்கள்.