பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை: கட்டற்ற நிரலகங்களுக்கு ஊர்கூடி உரை எழுதிய வரலாறு

திருமலைக் கோயிலின் ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்னும் சிற்றறையிலிருந்து, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் வெளியே வந்தன. பாடல்களுக்கு ராகப் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ராகப் பெயரே போதுமானதாக இருந்திருக்கும். பாடத் தெரிந்தவர்கள் அருகிலேயே இருந்தார்கள். அவர்கள் மறைந்தபின் சொல் மட்டும் செம்பில் நின்றது. பின்னாளில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோர் அவற்றுக்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. சங்கீர்த்தனத்துக்கு அன்னமாச்சாரியார் வடமொழியில் செய்த இலக்கண நூலும் கிடைக்கவில்லை. பேரர் சின்ன திருமலாச்சாரியார் செய்த தெலுங்கு வடிவமே மிஞ்சியது.

கட்டற்ற மென்பொருள் நிரலகங்களின் நிலையும் பல காலம் இதுவாகவே இருந்தது. நிரலர்கள் லைப்ரரி என்று சொல்வதையே இங்கே நிரலகம் என்கிறேன்: பிறர் எடுத்தாளும்படி எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு. செயற்கூற்றின் பெயர் கோப்பில் இருக்கும். அதற்கு என்ன கொடுக்க வேண்டும், அது என்ன திருப்பித் தரும், எங்கே பிழைபடும் என்பதெல்லாம் எழுதியவர் தலைக்குள் இருக்கும். இந்தக் குறையை யார் எப்படித் தீர்த்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992இல் லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் எழுதிய ‘ஹௌ-டூ’ வழிகாட்டிகள் அதன் வழியே பரவின. கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற ஆவணமும் வேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் வாதிட்டார். 2000ஆம் ஆண்டு குனூ கட்டற்ற ஆவண உரிமம் வந்தது. உரிமம் எழுதும் உரிமையைத் தந்தது. யார் உட்கார்ந்து எழுதுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை தேடியவர்களில் நம்பை நிரலகத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். பைத்தான் மொழியில் எண்ணணிகளை (அரே) கையாள 1995இல் வந்தது நியூமெரிக். பின்னர் அதற்குப் போட்டியாக நம்அரே எழுந்தது. இரண்டாகப் பிரிந்து கிடந்த பயனர்களை ஒன்றாக்கி டிராவிஸ் ஆலிஃபன்ட் உருவாக்கிய நம்பையின் முதல் பதிப்பு 2006இல் வெளியானது. நிரல் இலவசம், அவர் எழுதிய முழுமையான வழிகாட்டி நூலோ விலைக்கு. குறிப்பிட்ட தொகை சேரும்வரை, அல்லது 2010 வரை, அதைப் பகிரக் கூடாது என்பது ஏற்பாடு. உழைப்புக்குக் கூலி கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நூலைப் பூட்டி வைத்தபோது நிரலகமே பாதி பூட்டப்பட்டதுபோல் ஆனதென்னவோ உண்மை. 2008 ஆகஸ்டில் அந்நூல் பொதுவுக்கு விடப்பட்டது.

அதே 2008 கோடையில்தான், நம்பையின் செயற்கூறுகளுக்குப் பலர் கூடி விளக்கம் எழுதும் ‘ஆவண மாரத்தான்’ நடந்தது. அதைத் தூண்டியவர் ஜோசப் ஹேரிங்டன், மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கோள்களை ஆராயும் வானியலாளர். நம்பையை வைத்து மாணவர்களுக்குத் தரவுப் பகுப்பாய்வு கற்பிக்கப் போய், படிக்கக் கொடுக்க ஆவணம் இல்லாமல் திண்டாடியவர். நிரலகத்தின் தலைமை நிரலர்களில் ஒருவரல்லர். ஆசிரியராக அவர் கண்ட குறை இது. ஊதியம் கொடுத்து ஓர் ஒருங்கிணைப்பாளரையும் அமர்த்தினார். அப்படி வந்தவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்.

வேலையின் நுட்பம் இரண்டு ஏற்பாடுகளில் இருந்தது. ஒன்று, வடிவம். ஒவ்வொரு செயற்கூற்றின் விளக்கத்துக்கும் ஒரே சட்டகம்: ஒருவரிச் சுருக்கம், உள்ளீடுகள், திரும்பி வருவது, குறிப்புகள், ஓட்டிப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு. வெற்றுத் தாளைக் கண்டு மிரளும் புதியவருக்குக் கட்டம் போட்ட தாளைக் கொடுத்ததுபோல. மற்றொன்று, இடம். பவுலி விர்த்தனெனும் எம்மானுவேல் கூயாரும் விக்கி ஒன்றைக் கட்டினார்கள். மூலநிரலைத் தொடத் தெரியாதவரும் அங்கே விளக்கத்தைத் திருத்தலாம். எழுதியது பரிசீலனை, மெய்ப்பு என்று படிப்படியாக நகர்ந்து கடைசியில் மூலநிரலுக்குள் போய்ச் சேரும். ஆயிரம் சொல் எழுதினால் ஒரு டி-ஷர்ட் பரிசு. சொல்லை எண்ணுவதா என்று சிரிக்க வேண்டியதில்லை. திருவாய்மொழி உரைகளுக்கு நாம் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அளவை வைத்தே பெயரிட்டவர்கள். படி என்பது 32 எழுத்து. அவற்றில் ஈடு முப்பத்தாறாயிரப்படி, நம்பிள்ளை சொல்லக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது என்பது மரபு. கேட்டவர் எழுதிய உரை அது. மாரத்தானிலும் அப்படியே, கற்றுக்கொண்டவர்கள் எழுதினார்கள்.

இந்தியாவில் ஊர்கூடி உரை எழுதும் இம்முறை வேறு உருவம் கொண்டது. மும்பை ஐஐடியின் ஃபாசி திட்டம், நடுவணரசின் கல்வித் தொழில்நுட்ப நிதியில், ‘பாடநூல் துணை’ என்ற முறையைக் கொண்டுவந்தது. மாணவர் ஒருவர் பொறியியல் பாடநூலொன்றைத் தேர்ந்து, அதில் தீர்வு காட்டப்பட்ட கணக்குகளையெல்லாம் சைலாப் என்னும் கட்டற்ற கணிப்பு மென்பொருளில் நிரலாக எழுதித் தருவார், சரிபார்த்தபின் மதிப்பூதியம். கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ இன்னும் ஒருபடி மேலே போனது. பத்து நிமிடப் பாடத்துக்கு முதலில் எழுத்துவடிவம் தயாராகும். மென்பொருளை அறியாத ஒருவர் அதை மட்டும் வைத்துச் செய்துபார்த்துத் தேற வேண்டும். அதன் பிறகே ஒலிப்பதிவு; பின்னர் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் குரல்மாற்றம். தெரியாதவரையே தேர்வாளராக்கிய இந்த விதியை நான் ஆவண வரலாற்றின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக மதிக்கிறேன்.

தமிழில், 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலானோர் ‘கணியம்’ இதழைத் தொடங்கினர். து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ போன்ற தொடர்கள் பகிர்வுரிமையோடு மின்னூல்களாயின. தாம் உருவாக்கிய எழில் நிரல்மொழிக்கு முத்து அண்ணாமலை, என். சொக்கனுடன் சேர்ந்து எழுதிய ‘தமிழில் நிரல் எழுது’ என்ற நூல் 2013இல் வந்தது. எழில் குழுவினரின் ஓப்பன்-தமிழ் நிரலகம், எடுத்துக்காட்டு ஏன் வேண்டும் என்பதற்கு நல்ல சான்று. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்னும், ஏனெனில் அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நமக்கோ எழுத்து 3. இதைச் சரிசெய்யும் செயற்கூறு ஓப்பன்-தமிழில் உண்டு. அதன் பெயரைப் பார்த்து யாருக்கும் இது விளங்காது. த, மி, ழ் என்று பிரித்துக் காட்டும் ஒரு வரி எடுத்துக்காட்டைக் கண்டதும் விளங்கிவிடும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. நகரி, சத்தியவேடு பக்கத்துப் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம். 2015இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும், 1997இல் திராவிட மொழிகளுக்கென்றே அமைந்த குப்பம் திராவிடப் பல்கலைக்கழகமும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஒருபுறம் நிரல் அறிந்தவர்கள், மறுபுறம் மொழி அறிந்தவர்கள். ஒரு நிரலகத்தை எடுத்து இரு மொழியிலும் உரை எழுத இதைவிடத் தோதான நிலம் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய செயற்கூறு ஒன்றின் விளக்கத்தைப் படிக்கையில் எங்கே தடுக்கியதோ, அந்த இடத்தை அன்றிரவே எழுதி அந்த நிரலகத்தாருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும். தடுக்கியது எங்கே என்று உங்களுக்கே நினைவிருக்காது.