ஒரே தோட்டம், ரெண்டு சம்பளம்

புத்தூர்ப் பக்கம் வெங்காயம் பிடுங்கிற நாட்களில் தோட்டத்துக்குப் போனால் ஒரு கணக்குக் காதில் விழும்: ஆம்பிளைச் சம்பளம், பொம்பிளைச் சம்பளம். ஏன் ரெண்டு எண்டு கேட்டால், "அவையள் கொத்துவினம், இவையள் பிடுங்குவினம்" எண்டு சொல்லுவினம். குனிஞ்ச முதுகு நாள் முழுக்க நிமிராததைக் கணக்கில எடுக்கிறேல்ல.

இந்தக் கணக்கு ஊர்வழக்கு மட்டுமில்லை. இலங்கையில் அரசாங்கமே அதைச் சட்டமாக எழுதி வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என்று மூன்று விகிதம் வைத்தது. 1941இல் சம்பளச் சபைகள் வந்த பிறகும் அந்த வேறுபாடு தொடர்ந்தது. தேயிலையின் முக்கிய வேலையான கொழுந்து பறிப்பதைச் செய்தவர்களோ பெரும்பாலும் பெண்கள்தான்.

1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். சம்பளத்தைக் கேள்வி கேட்க அவர்களுக்கு வாக்கும் இல்லாமல் போனது. மிஞ்சியது தொழிற்சங்கம். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன; அந்த வருடமே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 57 வருடம் பிடித்தது!

வேறு நாடுகளிலும் கதை இதுதான். 1968இல் இங்கிலாந்தின் டகன்ஹாம் ஃபோர்ட் தொழிற்சாலையில் தையல் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். 1970இல் சமசம்பளச் சட்டம் வந்தது. 1975 ஒக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் வீட்டுவேலையையும் சேர்த்து நிறுத்தினார்கள். அடுத்த வருடம் சட்டம்.

புத்தூர்த் தோட்டத்தில் சங்கம் இல்லை, சம்பளம் வாய்ப்பேச்சு. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை பால் வேறுபாட்டைத் தடுக்குது, ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசுக்கு எதிராகத்தான் போடலாம். 2016இன் குறைந்தபட்ச வேதனச் சட்டம் அடிமட்டத்தைச் சொல்லுது. அதுக்கு மேல ரெண்டு சம்பளம் குடுக்கிறதைத் தடுக்கேல்ல.

அப்ப ஆரைக் கேக்கிறது? எங்களில் சிலரின் வீடுகளிலும் தோட்டம் இருக்கு. பின்னேரம் காசு எண்ணிக் குடுக்கிறது எங்கட அப்பாமார்தான். அந்தக் காசில்தான் நாங்கள் கம்பஸ் போறம். கேள்வியை அங்கேயிருந்து தொடங்குவம்.