சாந்த்ராகாச்சிக்கு வந்த மூன்று பந்துகள்

சென்னை சென்ட்ரலிலிருந்து சாந்த்ராகாச்சி போகும் ஏசி ரயிலில் எக்ஸ்ரே உறைகளுக்கும் மருந்துப் பைகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் சாமானையும் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் மூன்று குழாய்கள், குழாய்க்கு ஒரு பந்து, வாயில் வைத்து உறிஞ்ச ஒரு நெளிகுழாய். வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் அதை ஊருக்கு எடுத்துப் போகின்றன. ஹவுரா நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாந்த்ராகாச்சி, குளிர்காலத்தில் வாத்துகள் வந்திறங்கும் ஏரிக்குப் பேர்போனது. நம் கருவி இறங்குவதும் அங்கேதான். ஆனால் அது புறப்பட்ட இடம் ரொம்ப தூரம்.

அறுவை முடிந்த நோயாளியை ஊதச் சொல்வதுதான் முன்பு வழக்கம். ஒரு பாட்டில் தண்ணீரை இன்னொரு பாட்டிலுக்கு ஊதித் தள்ள வேண்டும். கலிபோர்னியாவின் இர்வைனில் அறுவை மருத்துவராக இருந்த ராபர்ட் பார்ட்லெட், 1970களின் தொடக்கத்தில் இதைத் தலைகீழாக்கினார். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். அதை விரிப்பது உள்ளே போகும் மூச்சே தவிர வெளியே வருவது அல்ல என்றார். நாம் நம்மை அறியாமல் இழுக்கும் பெருமூச்சை நோயாளி வேண்டுமென்றே இழுக்க வேண்டும், இழுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் கருவியின் யோசனை இவ்வளவுதான். ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ சிகிச்சையை வளர்த்தெடுத்தவரும் இதே பார்ட்லெட்தான். புகழெல்லாம் அந்தப் பெரிய இயந்திரத்துக்குப் போய்விட்டது.

பார்ட்லெட் எண்ணியது, எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதை. விலை குறைந்த பிளாஸ்டிக் வடிவம் வந்தபோது அளவு நழுவி, வேகம் வந்து உட்கார்ந்தது. குழாய்களில் பொறித்திருக்கும் 600, 900, 1200 என்பவை விநாடிக்கு இத்தனை கன செ.மீ. காற்று என்று சொல்லும் எண்கள். சுருக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் மூன்று பந்தும் எகிறிவிடும். நுரையீரலோ பாதிகூட நிரம்பியிருக்காது. கருவியைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் சுலபம். நிதானமாக இழுத்து, இரண்டு பந்தை மேலேயே நிறுத்தி, மூன்றாவதைக் கீழேயே விட்டுவைப்பதுதான் சரியான முறை. இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வார்டில் யாருக்கு நேரம்?

ஆக்ராவின் ரோம்சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரித்து, சில நூறு ரூபாய்க்கு இது நாடெங்கும் பரவியது. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் மருத்துவமனை வாசலைத் தாண்டி வீட்டு அலமாரிகளுக்குள் நுழைந்தது. அங்கே அதற்குப் புது வேலை கொடுத்தார்கள்: உடம்பு பெருத்து, மாடி ஏறினால் மூச்சிரைப்பவர்களுக்குப் ‘பயிற்சி’.

பருமனான உடம்பில் மூச்சுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்கி வயிற்றை முன்னே தள்ளுகிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளி மல்லுக்கு நிற்கிறது. படுத்தால் மல்லுக்கட்டு அதிகம். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த பிறகும், முக்கினால் இன்னும் கொஞ்சம் காற்றை வெளியேற்ற முடியுமல்லவா, அந்தக் கையிருப்புதான் முதலில் கரைகிறது. உடல்நிறைக் குறியீடு 20 உள்ளவரோடு ஒப்பிட்டால் 30 உள்ளவருக்கு அது பாதிக்கும் கீழே, 47 சதவீதம் என்று 2006-ல் ஜோன்ஸ், நிசெக்வு என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியர்களுக்கு 25-லேயே பருமன் என்று நம் மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். ஆக, தசை பலவீனமாக இல்லாவிட்டாலும் அதன் மேல் ஏறிய சுமை பெரிது. சாந்த்ராகாச்சி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் பெட்டியோடு பாதிப் படியில் நிற்பவருக்கு நடப்பது இதுதான்.

சுமை தூக்கும் தசைக்குச் சுமை கொடுத்துத்தான் பழக்க வேண்டும். பந்துகளின் எதிர்ப்பு சொற்பம். இதற்கென்றே இருப்பது வேறு கருவி: உள்ளே ஸ்பிரிங் வைத்த அடைப்பான், குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தாலொழிய திறக்காது. ஒரு ரகத்தில் அந்த அழுத்தத்தை 9 முதல் 41 செ.மீ. நீரழுத்தம் வரை திருகி வைக்கலாம். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிக எடையும் பருமனும் உள்ளவர்கள் தங்கள் உச்ச இழுவிசையில் 55 சதவீதம் வைத்து, தினம் இருமுறை, முப்பது முப்பது மூச்சாக நான்கு வாரம் பழகினார்கள். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. 2021-ல் கொலராடோவில் 50 வயது தாண்டியவர்கள் ஆறு வாரம் இப்படிப் பழகியபோது மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. அவர்கள் எடைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், ஆய்வும் சிறியது, 36 பேர்தான். எடையைக் குறைக்க இதை வாங்குவது வீண் செலவு என்பேன்.

ஸ்பிரிங் கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம், அழுத்தத்தைக் குறித்துக்கொடுக்க பிசியோதெரபிஸ்டும் வேண்டும். ஆகவே பந்துகளே ஜெயிக்கின்றன. அறுவை முடிந்த முதல் சில நாட்களுக்கு அவற்றைத் தரும் வழக்கம் தொடரட்டும். ஆனால் மேல்வயிற்று அறுவைக்குப் பிறகு நுரையீரல் சிக்கல்களைத் தடுப்பதாக உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2014-ல் காக்ரேன் தொகுப்பாய்வே சொல்லிவிட்டது.

பந்தோ ஸ்பிரிங்கோ எதுவும் கண்டுபிடிக்காத ஒன்று உண்டு. பருத்த உடம்பு, ராத்திரி இடிபோல் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். 1956-லேயே மருத்துவர் பர்வெல்லும் கூட்டாளிகளும் டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் வரும் தூங்குமூஞ்சிப் பையனை நினைத்து இதை ஒட்டிய ஒரு நோய்க்கு ‘பிக்விக்கியன்’ என்று பெயரிட்டார்கள். இந்த அறிகுறிகள் உள்ளவர் குழாயை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தூக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.