யார் இந்தப் பிரபு?

கையில் கோல் பிடித்த ஒரு மனிதர் உங்களை உற்றுப் பார்க்கிறார். தலையில் உயரமான ரோமத் தொப்பி, தோளில் கனத்த ரோம மேலாடை, அதன்மேல் பொற்சங்கிலி, காதில் பெரிய முத்து, முறுக்கு மீசை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1637இல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய படம் இது. உயரம் ஏறத்தாழ 97 செ.மீ., அகலம் 66 செ.மீ. ‘போலந்துப் பிரபு’ என்பது படத்தின் பெயர்.

ஒரு காலத்தில் இவரைப் போலந்து மன்னர் யான் சோபியெஸ்கி என்றார்கள். 1683இல் வியன்னாவைத் துருக்கியரின் முற்றுகையிலிருந்து மீட்ட வீரர் அவர். ஆனால் அவர் பிறந்தது 1629இல். நீங்களே கழித்துப் பாருங்கள்: படம் தீட்டப்பட்டபோது அவருக்கு வயது 8! இந்த மீசை அந்தச் சிறுவனுக்கு எப்படி வந்திருக்கும்?

பின்னர் ஆய்வாளர் ஒருவர், 1637இல் நெதர்லாந்துக்கு வந்த போலந்துத் தூதர் அந்திரேய் ரெய் என்பவரே இவர் என்றார். ஆண்டு பொருந்துகிறது. அது போதுமா? ஒரே ஊரில், ஒரே ஆண்டில் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

“எக்ஸ் கதிர் சொல்லாதா?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. பழைய ஓவியர்களின் வெள்ளை வண்ணத்தில் ஈயம் இருக்கும். ஈயத்தின் அணு எண் 82; ஆகவே அது எக்ஸ் கதிர்களை நன்றாகத் தடுக்கிறது. அடியில் மறைந்த தூரிகைத் தடங்களும் ஓவியர் செய்த திருத்தங்களும் நிழற்படத்தில் தெரிவது இதனால்தான். எதிரே நின்றவரின் பெயர் மட்டும் தெரியாது.

உடையை நம்பலாமா? டச்சு ஓவியர்கள் யாரையாவது வேடமிட்டு நிறுத்தி, ‘ட்ரோனி’ என்ற கற்பனை முகங்களையும் தீட்டி விற்றார்கள். 1656இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கியபோது எடுத்த பட்டியலில் ஆயுதங்களும் தலைக்கவசங்களும் ஏராளம்! இம்முகத்தில் ரெம்பிராண்டின் சொந்தச் சாயலையே கண்டவர்களும் உண்டு. அப்போது அவருக்கு வயது 31தான்.

முகத்தை மறுபடியும் பாருங்கள். புருவம் சுருங்கி, நெற்றியில் கவலை. பணம் கொடுத்துப் படம் எழுதச் சொன்ன பிரபு இப்படித் தோன்ற விரும்பியிருப்பாரா? எனக்கு ஐயமாகவே இருக்கிறது. இது ட்ரோனி என்றே கருதுகிறேன்.

ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருந்த படத்தை 1931இல் அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ மெல்லன் வாங்கினார். இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில், அதே ‘போலந்துப் பிரபு’ என்ற பெயருடன் இருக்கிறது.