யாருமில்லாத நிலத்தில் போட்ட சாலைகள்

ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைப் பாருங்கள். கடலோரம் முழுக்க ஊர்ப் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் பெரிய வெற்றிடம். 'அவுட்பேக்' என்று அழைக்கப்படும் அந்த வறண்ட நிலத்தை வண்டியிலேயே குறுக்காகக் கடப்பது பல பயணிகளின் வாழ்நாள் கனவு. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் போகிறார்கள்.

அந்தப் பயணிகள் மிகவும் ஆசைப்படும் சாலைகளில் ஒன்று ஆன் பீடெல் ஹைவே. கூபர் பெடியிலிருந்து லாவர்ட்டன் வரை சுமார் 1,325 கிலோமீட்டர். ஹைவே என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்! தார் கிடையாது. தகரக் கூரை மாதிரி வரிவரியான மேடுபள்ளம்தான். சாதாரண கேம்பர் வேன் இங்கே தாங்காது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி வேண்டும். கூபர் பெடியை விட்டுக் கிளம்பினால் அடுத்த பெட்ரோல் பங்க் ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தள்ளி, இல்குர்ல்கா என்ற இடத்தில்.

ஊரே இல்லாத இடத்தில் இவ்வளவு நீளச் சாலையை யார் போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள்? பதில் கொஞ்சம் அதிர்ச்சியானது. ராக்கெட்டுக்காகவும் அணுகுண்டுக்காகவும்!

ஈட்டி எறியும் கருவி

இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் லண்டன் மீது விழுந்தன. தனக்கும் அப்படிப்பட்ட ஆயுதம் வேண்டும் என்று பிரிட்டன் முடிவு செய்தது. ஆனால் அந்தச் சின்னத் தீவில் ராக்கெட்டை எங்கே சோதிப்பது? ஆஸ்திரேலியா இடம் கொடுத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் வூமெரா சோதனைத் தளம் உருவானது. பூர்வகுடிகள் ஈட்டியை வேகமாக எறியப் பயன்படுத்தும் கருவியின் பெயர்தான் வூமெரா. அங்கிருந்து வடமேற்காக, கண்டத்தையே தாண்டி இந்தியப் பெருங்கடல் வரை ராக்கெட் பறப்பதற்கான பாதை குறிக்கப்பட்டது.

அடுத்து அணுகுண்டு. 1946-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, அணு ரகசியங்களைப் பிற நாடுகளுடன் பகிர்வதை நிறுத்திவிட்டது. பிரிட்டன் தனியாகக் குண்டு செய்தது. முதல் சோதனை 1952-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் மான்டி பெல்லோ தீவுகளில் நடந்தது. அடுத்த இரண்டும் 1953 அக்டோபரில், கண்டத்தின் உள்ளே, எமு ஃபீல்ட் என்ற இடத்தில். 1956, 57-ல் தெற்கே மராலிங்காவில் மேலும் ஏழு குண்டுகள்.

எமு ஃபீல்டைத் தேடிக் கண்டுபிடித்தவர் நில அளவையாளர் லென் பீடெல். வூமெராவுக்கு ஆரம்ப அளவைகளைச் செய்தவரும் அவரே. ராக்கெட் பாதையின் கீழே அளவைப் புள்ளிகள் வேண்டும். குண்டு வெடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல வானிலை நிலையம் வேண்டும். (1956-ல் தொடங்கிய கைல்ஸ் வானிலை நிலையம் அப்படி வந்ததுதான்.) இதற்கெல்லாம் முதலில் சாலை வேண்டுமே!

கண்ணாடி காட்டிய வழி

1955-ல் பீடெல் ஒரு சிறு குழுவோடு கன்பேரல் ஹைவேயைத் தொடங்கினார். துப்பாக்கிக் குழல் போல நேராக இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். வேலை செய்த முறை சுவாரசியமானது. இரவில் நட்சத்திரங்களை அளந்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார். பகலில் லேண்ட் ரோவரில் புதருக்குள் புகுந்து முன்னால் போவார். தூரத்திலிருந்து கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டுவார். அந்த ஒளியைக் குறிவைத்து புல்டோசர் வரும். பின்னால் கிரேடர் வந்து மண்ணைச் சமன்படுத்தும். 1958-ல் சாலை கார்னகி மாட்டுப் பண்ணையை எட்டியது. 1963-க்குள் இந்தக் குழு போட்ட சாலைகள் மொத்தம் 6,000 கிலோமீட்டருக்கு மேல்!

அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றை அலுமினியத் தகட்டில் பொறித்து வழியெங்கும் மாட்டி வைத்தார் பீடெல். சாலைகளுக்கு வீட்டார் பெயரையே வைத்தார். ஆன் அவர் மனைவி. கோனி சூ மகள். கேரி மகன். வெற்று நிலத்துக்குப் புதிதாகப் பெயர் சூட்டுவது போலத்தான் எல்லோரும் இதைப் பார்த்தார்கள்.

வெற்று நிலமா?

பாறைக்குழிகளில் தேங்கும் தண்ணீரை நம்பி, எந்த மாதம் எங்கே நீர் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து நடந்த மக்கள் அங்கே இருந்தார்கள். ஸ்பினிஃபெக்ஸ் மக்கள், நானியாஜாரா, மார்ட்டு, பிட்ஜன்ஜாஜாரா என்று பல கூட்டத்தார். அந்த ஒவ்வொரு நீர்க்குழிக்கும் ஏற்கனவே பெயர் இருந்தது.

இவர்களைக் கவனித்துக்கொள்ள வால்டர் மெக்டூகல் என்ற ஒரே ஒரு ரோந்து அதிகாரிதான் முதலில் இருந்தார். இரண்டாவது அதிகாரி 1956-ல்தான் வந்தார். கைல்ஸ் நிலையமும் சாலையும் இந்த மக்களின் வாழ்க்கையைக் குலைத்துவிடும் என்று மெக்டூகல் எதிர்த்தபோது, ஒரு கைப்பிடி மக்களுக்காகக் காமன்வெல்த் நலனையே பின்னுக்குத் தள்ளுகிறார் என்று தலைமை விஞ்ஞானி கண்டித்தார்.

1953-ல் எமு ஃபீல்டின் முதல் வெடிப்புக்குப் பிறகு, வாலட்டின்னா பகுதி மக்கள் மீது ஒரு கரும்புகை மூட்டம் கவிந்தது. அங்கே சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பின்னாளில் பார்வையிழந்தார். 1957-ல் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம், முந்தைய வருடம் குண்டு வெடித்த பள்ளத்தருகே தங்கியிருந்ததை ராணுவத்தினர் கண்டார்கள். அவர்களைக் குளிக்க வைத்தார்கள். அவர்களுடைய நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். கர்ப்பமாக இருந்த அந்தத் தாய்க்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

1964-ல் ராக்கெட் பாகங்கள் விழக்கூடிய பகுதியில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கப் போன அதிகாரிகள், வெளியுலகத்தையே பார்த்திராத சுமார் 20 மார்ட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கண்டார்கள். முதன்முதலாகக் கார்களைப் பார்த்து அவர்கள் பயந்து ஓடினார்கள். கடைசியில் ஜிகலாங் மிஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள்

யாமி லெஸ்டர் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1984-ல் விசாரணை ஆணையம் அமைந்தது. கரும்புகை மூட்டம் உண்மைதான் என்று அடுத்த வருடம் ஆணையம் ஏற்றது. சிலருக்குத் தற்காலிகமாக நோய் வந்திருக்கலாம், அதற்கு மேல் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே 1984-ல் மராலிங்கா நிலங்களை உரியவர்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. ஸ்பினிஃபெக்ஸ் மக்களுக்கு 2000-ல் ஏறத்தாழ 55,000 சதுர கிலோமீட்டர் மீது பாரம்பரிய உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

பீடெல் கெட்டவர் அல்ல. திறமைசாலி, கடும் உழைப்பாளி. தான் வாங்கிய உத்தரவைச் செய்தார். ஆனால் உத்தரவு கொடுத்தவர்களின் வரைபடத்தில் மனிதர்கள் குறிக்கப்படவே இல்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

இன்று ஆன் பீடெல் ஹைவேயில் போக விரும்புபவர்கள் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுகள் வாங்க வேண்டும். அவற்றில் ஒன்றைத் தருவது மராலிங்கா ஜாருஜா மக்களின் அமைப்பு. 770-வது கிலோமீட்டரில் இருக்கும் இல்குர்ல்கா கடையும் ஸ்பினிஃபெக்ஸ் மக்களுடையது. யாருமில்லை என்று சொல்லிப் போட்ட சாலையில், இன்று அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் போக முடியும். அவர்களிடம் எண்ணெய் வாங்கித்தான் ஊர் போய்ச் சேர முடியும்!